பாகான் செராயில் இறங்கிய டாக்டர்

பாகான் செராய்
14-7-1979

மெய்யப்பா,

நீ சுகமா என்று இக்கடிதத்தில் நான் கேட்கப்போவதில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். பிறரைத் திகைக்க வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது சிறு வயதிலிருந்தே உனக்கு வாய்த்த வரம்.

நேற்றுப் பகல் நான் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வாசலில் ஒரு வாடகைக் காடி வந்து நின்றது. அதிலிருந்து உன் மகள் செகப்பி இறங்கினாள். கழுத்தில் முழங்கால் வரை தொங்கும் ரோஜா மாலை. நெற்றியில் எத்தனை கோயில்களின் திருநீறு என்று சொல்ல இயலாத பூச்சு. பின்னால் டிரங்குப் பெட்டிகள். அவற்றின் மேல் வெள்ளைச் சாயத்தில் 'டாக்டர் மெ. செகப்பி, மெட்ராஸ்' என்று எழுதியிருந்தது. பினாங்கில் கப்பலேறப் போய்க்கொண்டிருக்க வேண்டியவள் என் வீட்டுக் கோழிகளுக்கு நடுவே நின்றாள்.

"என்னடி இது?" என்றேன்.

"அப்பச்சி என்னைப் பாகான் செராயில இறங்கிடச் சொன்னாங்க, அத்தை."

"உன் அப்பன் எதற்கு அப்படிச் சொன்னான்?"

"எனக்குக் காலேஜ்ல இடம் கிடைக்கலை."

"இடம் கிடைக்காததற்கா மாலை?"

"மாலை முன்னாடியே சொல்லி வச்சது, அத்தை."

நான் விலங்கியல் பட்டம் பெற்றவள். பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை தைப்பிங்கில் பெண்பிள்ளைகளுக்குத் தவளையை அறுத்துக் காட்டியவள். எதைக் கண்டும் வாய் பிளந்த பழக்கம் எனக்கில்லை. நேற்றுப் பிளந்தேன். அதை மூடும்படியான விளக்கம் ஒன்றை உடனே எழுது.

சிட்டாள்

*

ஈப்போ
17-7-1979

என் ஒரே தமக்கையாகிய ஆச்சி அவர்களுக்கு,

தம்பி மெய்யப்பன் பணிந்து எழுதுவது. தங்கள் சினம் நியாயமானதே. எனினும் என் நிலையையும் தாங்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்லூரியின் மறுப்புத் தந்தி வந்தது, வழியனுப்பு விழாவன்று காலையில். அதற்குள் ஆலய மண்டபத்தில் பந்திக்கு இலை போட்டாயிற்று. செமோரிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்து இறங்கியாயிற்று. நாளிதழில் படத்துடன் வாழ்த்து விளம்பரம் வந்தாயிற்று. ஆலயச் செயலாளர் பெத்தபெருமாள் ஒலிபெருக்கியில் "நம்ம தலைவர் மகள், நாளைய டாக்டர்" என்று முழங்கிக்கொண்டிருந்தார். ஆலயத் தலைவனாகிய நான் அப்போது மேடையேறி, "இடமில்லையாம், சாப்பிட்டுவிட்டுக் கலைந்து செல்லுங்கள்" என்றா சொல்வேன்? இரயிலடிக்கு அழைத்துச் சென்று ஏற்றிவிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. அவள் காதில் மட்டும் பாகான் செராய் என்று சொன்னேன்.

குறை இயற்பியலில் மட்டுமே. ஆண்டு இறுதியில் அந்தத் தேர்வை மீண்டும் எழுதி, அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும், இடைப்பட்ட காலத்தை எவ்வாறு பயன்படுத்தினாள் என்பதை விண்ணப்பத்தில் எழுத வேண்டும் என்றும் கல்லூரியார் தெரிவித்துள்ளனர். ஆகவே நான் பொய் எதுவும் சொல்லவில்லை, ஆச்சி. மெய்யை ஓராண்டு முந்திச் சொல்லிவிட்டேன். அவ்வளவே.

தாங்கள் செய்ய வேண்டியது இரண்டே. ஒன்று, அவளை வெளியே அனுப்பாதீர்கள். மற்றொன்று, மாதம் ஒருமுறை அவள் சென்னையிலிருந்து எழுதுவதுபோல் எனக்கொரு கடிதம் எழுதட்டும். இங்கே வருவோர் போவோர் கேட்கிறார்கள். தாங்கள் அந்நகரில் படித்தவராதலால் தெருப் பெயர்களைத் தாங்களே சொல்லித் தரலாம்.

தங்கள் அன்புத் தம்பி
மெய்யப்பன்

*

பாகான் செராய்
2-9-1979

மெய்யப்பா,

வயல்களுக்கு நடுவே இருக்கும் இச்சிற்றூரில் ஒரு கோழி அடைகாத்தாலே நான்கு வீட்டாருக்குத் தெரியும். இருபது வயதுப் பெண்ணை நான் எந்தப் பானைக்குள் ஒளித்து வைப்பேன்? நான் உன் கிடங்கு அல்ல.

முதல் சில வாரங்கள் அவள் இயற்பியல் புத்தகத்தை விரித்து வைத்து அதன்மேல் அழுதுகொண்டிருந்தாள். கண்ணீரின் ஊடாக ஒளி விலகுவதை வேண்டுமானால் அதனால் அறியலாம். தேர்வு எழுத உதவாது. பிறகு ஒருநாள் அவளாகவே எழுந்தாள். மிதிவண்டியை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே உள்ள பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போனாள். அங்கே ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் மருந்தகமும் மட்டும் பழையபடி இருக்கின்றன. மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸ்ஸர் ஐயாவு என்பவரிடம் வேலை கேட்டிருக்கிறாள். தோட்டங்களில் டாக்டர் மாதம் ஒருமுறை வந்து தலைகாட்டுவார். கட்டுப் போடுவது, ஊசி குத்துவது, திட்டுவது எல்லாம் டிரெஸ்ஸர்தான் என்பது நீ அறிந்ததே.

அவர் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஒங்க படத்தப் பேப்பர்ல பாத்தேன். மெட்ராஸ்ல இல்ல இருக்கணும்? இங்க என்னா செய்றீங்க லா?" என்றாராம்.

"இடம் கிடைக்கலைண்ணே."

"அப்படியா? சரி, சீழ்ப் புண்ணு கழுவுவீங்களா? பாத்தா மயக்கம் வருமா?"

"வந்தா சொல்றேண்ணே."

வேலை கிடைத்துவிட்டது. காலையில் இயற்பியல், பகலில் தோட்டம். பழம் வெட்டும் கத்தி பட்ட காயங்களைக் கழுவுகிறாள். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில் குழந்தைகளை எடை போடுகிறாள். சர்க்கரை வியாதி இருக்குமோ என்று ஐயப்படுவோரின் சிறுநீரை நீலக் கரைசலில் கலந்து காய்ச்சிப் பார்க்கிறாள். சர்க்கரை மிகுதியானால் நீலம் செங்கல் நிறமாகிவிடுமாம். நேற்று இரவு உணவின்போது அதை என்னிடம் வர்ணித்தாள். நான் ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டேன்.

உன் சென்னைக் கடிதத்தை ஒருமுறை எழுதினாள். கடற்கரையில் காற்று வாங்கியதாக எழுதும்போது கை கூசியதாம். இனி எழுதமாட்டாள். உனக்கு வேண்டுமானால் நீயே எழுதிக்கொள்.

சிட்டாள்

*

ஈப்போ
11-11-1979

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

என் மகள் புண் கழுவுகிறாள் என்ற செய்தியைப் படித்த அதிர்ச்சியில் பல நாள் எழுதாதிருந்தேன். பின்னர் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். தாங்கள் சொன்னபடியே சென்னைக் கடிதங்களை இப்போது நானே எழுதுகிறேன்.

பெருமையாகச் சொல்லிக்கொள்வதாக எண்ண வேண்டாம்; அவை மிக நன்றாக அமைந்துள்ளன. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஆலயக் குழுவினரும் அண்டை அயலாரும் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுகிறார்கள். பிணவறையில் அவள் முதல்நாள் அஞ்சாமல் நின்றதை நான் வாசித்தபோது பெத்தபெருமாளின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. மக்கள் தங்கள் நோய்களை என்னிடம் சொல்லி, மகளுக்கு எழுதிக் கேட்கும்படி வேண்டுகிறார்கள். நானும் மறுக்காமல், அடுத்த கடிதத்தில் தக்க பதில் வரும்படி பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் பொது அறிவே, ஆச்சி. தலைவலிக்குச் சுக்கு; இருமலுக்கு ஆடாதோடை. தீங்கில்லாதவை.

நம் வட்டாரத்தில் நகரசபைக்குத் தெருக் கூட்டும் வீரம்மாவைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பாவம், சில காலமாக ஆள் இளைத்துப்போனாள். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லையாம்; இரவெல்லாம் கொல்லைக்கு எழுந்து போகிறாளாம். கூட்டும்போது காலில் கண்ணாடி குத்திய புண் ஆறாமல் கறுத்துக் கிடக்கிறது; ஆனால் வலி கொஞ்சமும் இல்லை என்கிறாள். வெயிலில் நின்ற களைப்புத்தான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. சென்ற வாரக் கடிதத்தில், நாள்தோறும் மூன்று வேளை குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கும்படியும், புண்ணுக்குத் தேன் தடவும்படியும் செகப்பி எழுதியதாக வாசித்தேன். குளுக்கோஸ் டப்பாக்களை நானே வாங்கிக் கொடுத்தேன். "பாப்பா நல்லா இருக்கணும்ங்க" என்று கும்பிட்டாள். தர்மமும் ஆயிற்று.

இறுதியாக ஒன்று. விண்ணப்பம் போகும்வரை செகப்பியின் நிழல்கூட ஈப்போவில் விழக்கூடாது. விழுந்தால் நான் விண்ணப்பத்தில் கையெழுத்திடமாட்டேன், மாப்பிள்ளை பார்த்துவிடுவேன். இதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.

மெய்யப்பன்

*

பாகான் செராய்
16-11-1979, விடியற்காலை

மூடனே,

இக்கடிதத்தை உன் மகளின் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஆகவே இதைப் படிக்கும்போது அவள் உன் எதிரில் நிற்பாள். கத்தாதே.

உன் கடிதத்தை நான் நேற்று மாலை அவளுக்கு வாய்விட்டு வாசித்தேன். தாகம் என்றபோது அவள் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். வலியில்லாத புண் என்றபோது எழுந்து நின்றாள். குளுக்கோஸ் என்றபோது, "அத்தை, திரும்ப வாசிங்க" என்றாள். திரும்ப வாசித்தேன். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. சர்க்கரை வியாதி முற்றிக் கால் அழுகிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு மூன்று வேளையும் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாய். அதையும் உன் மகளின் பெயரால் கொடுத்திருக்கிறாய்.

திங்கட்கிழமை அவளுக்கு இயற்பியல் தேர்வு. உன் மிரட்டலையும் நான் மறைக்காமல் வாசித்தேன். "நீங்க அப்பச்சிக்குத் தந்தி அடிச்சாப் போதாதா, அத்தை?" என்று அவளே ஒருமுறை கேட்டாள். பிறகு அவளே, "அப்பச்சி அதையும் மாத்தி வாசிச்சுடுவாங்க" என்றாள். டிரெஸ்ஸரிடம் போய்ச் சோதனைக் குழாயும் நீலக் கரைசலும் வாங்கி வந்தாள். முதல் பேருந்தில் புறப்படுகிறாள்.

நான் தடுக்கவில்லை.

சிட்டாள்

*

ஈப்போ
18-11-1979

ஆச்சி அவர்களுக்கு,

எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து வழியில் பழுதாகி நின்றதால் அவள் வந்து சேர்ந்தது வெள்ளி மாலை. கூடம் நிறைந்திருந்தது. நான் கடிதம் வாசித்துக்கொண்டிருந்தேன். "இங்கே சென்னையில் அடைமழை, அப்பச்சி, விடுதியை விட்டு வெளியே கால் வைக்க முடியவில்லை" என்ற வரியில் இருந்தேன். கூட்டத்தின் கண்கள் என்னை விட்டு வாசலுக்குப் போயின. திரும்பினேன். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பெத்தபெருமாள்தான் முதலில் தெளிந்தார். "அடேடே, டாக்டரம்மா! மழையில எப்படி வந்தீங்க? லீவா?" என்றார். தாங்கள் என் மகளை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள், ஆச்சி. அந்த நல்ல மனிதர் நீட்டிய கயிற்றை அவள் பிடித்திருக்கலாம். நானும் அவள் காதருகே போய், "லீவு என்று சொல்லம்மா, என் மானம் உன் வாயில் இருக்கிறது" என்று கெஞ்சினேன். அவள் என்னைத் தாண்டி, கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்த வீரம்மாவிடம் போனாள். காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கட்டைப் பிரித்தாள். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

"குளுக்கோஸ் இனிமே குடிக்கக் கூடாது, வீரம்மாக்கா. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

வீரம்மா காலை இழுத்துக்கொண்டாள். "அலாமா! என்னா பாப்பா இப்படிச் சொல்றீங்க? நீங்கதான கடுதாசில குடிக்கச் சொன்னீங்க! மெட்ராஸ்ல பெரிய டாக்டருங்ககிட்ட கேட்டு எழுதினீங்களாம்ல?"

"நான் எழுதலைக்கா."

"அப்ப யாரு எழுதுனா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆச்சி. அதை மட்டும் சொல்லியாக வேண்டும். "எனக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கலை. நான் மெட்ராஸுக்கே போகலை. பாகான் செராயில எங்க அத்தை வீட்டுல இருக்கேன். நான் டாக்டர் இல்லை" என்றாள்.

அதன் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. வீரம்மா நம்பவில்லை! "பாப்பாவுக்குக் காத்து கருப்பு அண்டிடுச்சு போல. நான் கடுதாசியத்தான் நம்புவேன்" என்று அடம்பிடித்தாள். பெத்தபெருமாளின் மனைவியும், "எழுத்துல வந்ததை எப்படிம்மா மாத்துறது?" என்றார். உடனே செகப்பி ஒரு கிண்ணத்தை வீரம்மாவின் கையில் கொடுத்துக் கொல்லைக்கு அனுப்பினாள். திரும்பி வந்ததும், நம் கூடத்தில், முருகன் படத்துக்கு நேர் எதிரே, ஆலயக் குழுவினர் அனைவரும் பார்த்திருக்க, விளக்கை ஏற்றி வைத்து, சிறுநீரைக் காய்ச்சினாள், ஆச்சி. என் வீட்டில்!

நீலம் பச்சையாகியது. பச்சை மஞ்சளாகியது. பிறகு செங்கல்லைக் கரைத்ததுபோல் ஆகிவிட்டது.

"இது அத்தனையும் சர்க்கரை. ஏற்கெனவே ஒடம்புல நிறைஞ்சு வழியுது. இதுக்கு மேலதான் நீங்க குளுக்கோஸ் ஊத்திக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

வீரம்மா அந்தக் குழாயையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எழுந்து செகப்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வாடகைக் காடியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். செகப்பி இன்னும் வீடு திரும்பவில்லை. வார்டு வாசலில் பெஞ்சில் இருக்கிறாளாம்.

பெத்தபெருமாள் கடைசியாகப் போனார். "தலைவரே, அந்தப் பிணவறைக் கதையும் நீங்க எழுதுனதா? என் பெண்சாதி அழுதாளே" என்று கேட்டுவிட்டுப் போனார். தலைவர் பதவியை இன்று காலை துறந்துவிட்டேன். அவளுக்கு விண்ணப்பமும் இல்லை, என் கையெழுத்தும் இல்லை. இதற்கெல்லாம் காரணம், 'நீயே எழுதிக்கொள்' என்று தாங்கள் எழுதியதுதான்.

மெய்யப்பன்

*

பாகான் செராய்
25-11-1979

மெய்யப்பா,

'நீயே எழுதிக்கொள்' என்றேன். 'நீயே வைத்தியம் பார்' என்று எழுதியதாக நினைவில்லை. பழியைச் சுமக்க வேறு முதுகு தேடு.

வீரம்மாவின் கால் தப்பியது. விரல்களில் இரண்டு தப்பவில்லை. இன்னும் ஒரு வாரம் உன் தர்மம் தொடர்ந்திருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று டாக்டர் செகப்பியிடம் சொன்னாராம். இதை உனக்கு எழுதலாமா என்று அவள் தயங்கினாள். நான் தயங்கவில்லை.

திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து நேராகத் தேர்வு மண்டபத்துக்குப் போயிருக்கிறாள். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "தூங்காம எழுதினேன், அத்தை" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தேறாமல் போனால் அதையும் உன் கணக்கில் எழுத வேண்டியிருக்கும்.

கையெழுத்தைப் பற்றி மிரட்டாதே. அவளுக்கு வயது வந்துவிட்டது. பாதுகாவலர் ஒருவர் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். என் கையெழுத்து உன்னுடையதைவிடத் தெளிவானது. ஓராண்டை எவ்வாறு பயன்படுத்தினாய் என்ற கேள்விக்கு என்ன எழுதப்போகிறாய் என்று கேட்டேன். நடந்ததை எழுதுவேன் என்றாள். "அப்பச்சியைப் பத்தி எழுதினா தப்பா, அத்தை?" என்றாள். உன் பெயரை விட்டுவிட்டு எழுதச் சொன்னேன். உனக்கு நான் செய்யக்கூடிய சலுகை அவ்வளவுதான்.

அவள் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டாள். அங்கே யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. அவள் டாக்டர் என்று அங்கே யாரும் சொல்லிக்கொள்ளவில்லை அல்லவா?

சிட்டாள்

*

ஈப்போ
20-7-1980

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

இத்தனை மாத மௌனத்தை மன்னியுங்கள். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

கல்லூரியிலிருந்து நம் வீட்டு முகவரிக்குக் கடிதம் வந்தது. செகப்பிக்கு இடம் கிடைத்துவிட்டது! என் கண்ணை என்னால் நம்ப இயலவில்லை. மூன்று முறை படித்தேன். இயற்பியல் மதிப்பெண் உயர்ந்ததையும், தோட்ட மருந்தகப் பணியையும், 'தன் பெயரால் கூறப்பட்ட தவறான மருத்துவ ஆலோசனையை நேரில் சென்று திருத்தியதையும்' கருதி அனுமதிப்பதாக எழுதியிருக்கிறார்கள். அந்த வரி என்னைச் சுட்டதென்பதை மறைக்கமாட்டேன். சுட்டாலும் சட்டையை மாட்டிக்கொண்டு ஆலயத்துக்கு ஓடினேன்.

அங்கேதான் நான் எதிர்பாராத அடி விழுந்தது. யாரும் நம்பவில்லை, ஆச்சி. பெத்தபெருமாள் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா இருக்கு. இந்த வாட்டி டைப் அடிச்சிட்டீங்க. யாரு அடிச்சுக் குடுத்தா?" என்றார். முத்திரையைக் காட்டினேன். சிரித்தார்கள். பசாருக்குப் போய் மீன்காரரிடம்கூடச் சொன்னேன். "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு மீனை வெட்டிக்கொண்டிருந்தார். பொய் சொன்னபோது பேருந்து வைத்து வந்தவர்கள், மெய்யைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்!

வழியில் வீரம்மா கட்டையை ஊன்றிக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே கடிதத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்னா மருந்துங்க?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

செகப்பியை அழைத்துக்கொண்டு தாங்கள் ஒருமுறை ஈப்போ வர வேண்டும். அவளை நேரில் பார்த்தால் நம்புவார்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். நெருங்கியவர்கள் ஒரு பத்துப் பேர், ஒரு சிறு விருந்து.

தங்கள் தம்பி
மெய்யப்பன்

*

பாகான் செராய்
24-7-1980

தம்பி,

கல்லூரியார் ஒரு படியைப் பாதுகாவலராகிய எனக்கும் அனுப்பியிருந்தார்கள். உனக்கு முன்பே எனக்குக் கிடைத்துவிட்டது. செகப்பி நேற்று மாலை பினாங்கில் கப்பலேறிவிட்டாள். உன் அழைப்பு வந்தபோது கப்பல் புறப்பட்டுவிட்டிருந்தது.

உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். "சொன்னா அப்பச்சி நிறுத்திடுவாங்களா, அத்தை?" என்று கேட்டாள். "நிறுத்தமாட்டான், ஆள் கூட்டுவான்" என்றேன். சிரித்தாள். இறுதியில், சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவள் அவள்தான். நான் பழியை அவள்மேல் போடுவதாக எண்ணாதே. அவள் முடிவை நான் மாற்றவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

துறைமுகத்தில் நானும், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த டிரெஸ்ஸர் ஐயாவுவும் இருந்தோம். அவர், "தங்கச்சி, படிச்சுட்டு வந்து எங்கள மறந்துடாதீங்க லா" என்றார். "மறந்தா ஞாபகப்படுத்துங்கண்ணே" என்றாள். இரைச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை.

ஊரார் நம்பவில்லையே என்று வருந்துகிறாய். எனக்கு அதைக் கேட்டு மகிழ்ச்சியே உண்டாயிற்று. அவளிடம் இப்போது ஈப்போவில் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. படிக்கப் போகும் பெண்ணுக்கு இதைவிட நல்ல வழித்துணை வேறில்லை. அவள் முடித்துத் திரும்ப ஆண்டுகள் ஆகும். அதுவரை அவர்கள் நம்பாமல் இருந்துவிட்டுப் போகட்டும். நீ வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகவும் அத்தனை காலம் தேவைப்படும்.

உனக்கு எழுதுவதாகச் சொன்னாள். எழுதச் சொன்னது நான் அல்ல. அது வரும்போது கூடத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்து படி.

சிட்டாள்